வீரமலையின் துண்டும் உலக நகரங்களின் வரிசையும்

திருச்சி காந்தி மார்க்கெட் வெங்காய மண்டியில் தரகர் வீரமலையின் துண்டுக்குள் கொழும்பு புறக்கோட்டையிலிருந்து முதன்முதலாகக் கை வந்த அன்று, பெரம்பலூர் சின்ன வெங்காயம் கிலோ நாற்பத்திரண்டு ரூபாய்க்குப் போனது. எதிரே நின்ற துறையூர் வியாபாரி விலை பேசக் கையை நீட்டுவதற்கு முன்பே, துண்டுக்குள் இன்னொரு கை வந்து வீரமலையின் விரல்களைப் பிடித்துவிட்டது. கல் வைத்த மோதிரம் போட்ட கை, கருவாட்டு வாசனை, உள்ளூரில் யாரும் கேட்காத நல்ல விலை. வீரமலை துண்டைத் தூக்கிப் பார்த்தார், ஒன்றும் இல்லை. திரும்பப் போட்டார், கை இருந்தது. கட்டுப்படியாகும் என்று பட்டதால் பேசி முடித்துவிட்டார். மறுநாள் மதியம் புறக்கோட்டைக் கடைக்காரர் ஒருவர் பாலக்கரையில் ஏற்றுமதி வேலை பார்க்கும் பாசிலுக்குப் போன் செய்து, நேற்று கை பிடித்த சரக்கு எப்போது கிளம்பும் என்று கேட்டார். விலையையும் மூட்டையையும் சரியாகச் சொன்னார். பாசில் சரக்கை அனுப்பினார், பணம் வந்தது. வேறு ஊராக இருந்தால் இதை ஒரு வருடம் பேசியிருப்பார்கள். எங்கள் ஊரில் அன்று சாயங்காலமே வெங்காய வரத்தைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மணப்பாறை மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். விற்பவரும் வாங்குபவரும் கையோடு கை கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, விரலைப் பிடித்துப் பேசுவார்கள். ஒரு விரலுக்கு ஒரு விலை, முழுக் கைக்கு ஒரு விலை. சுற்றி நிற்பவர்களுக்கு இரண்டு முகங்கள்தான் தெரியும், அந்த முகங்களில் ஒன்றும் தெரியாது. வீரமலையின் அப்பா அங்கே மாட்டுத் தரகர். மகன் மாட்டை விட்டு வெங்காயத்துக்கு வந்தபோது அந்தப் பழக்கத்தையும் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். மஞ்சள் கரை வைத்த ஈரிழைத் துண்டு, எத்தனை முறை துவைத்தாலும் எங்காவது ஒரு வெங்காயச் சருகு ஒட்டிக்கொண்டிருக்கும். கொழும்புக்குப் பிறகு சிங்கப்பூர் தேக்காவிலிருந்து ஒரு கை வர ஆரம்பித்தது. ஏசியில் இருந்து வருவதால் அது எப்போதும் ஜில்லென்று இருக்கும். ஷார்ஜா கை பேரம் பேசாது, ஆனால் வெள்ளிக்கிழமை வராது. சென்னைக்குப் போகும் விமானத்தைவிட வெளிநாட்டுக்குப் போகும் விமானத்தைப் பார்த்தே பழகிய ஊர் இது. ஆளாளுக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு பறக்கும்போது, கை மட்டும் டிக்கெட் எடுக்காமல் வந்துபோவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

வரகனேரியில் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த வீரமலையின் மனைவி வள்ளிக்கண்ணுவுக்கு இதெல்லாம் ஆம்பிளைகளின் தொழில் சமாசாரம், அவ்வளவுதான். மலேசியாவின் கிள்ளானிலிருந்து ஒரு கை வரும் வரைக்கும் அப்படித்தான் இருந்தது. அந்தக் கையில் மோதிர விரலுக்கு நுனி இல்லை. வீரமலை விலை பேசாமல் அப்படியே நின்றுவிட்டார். முசிறிப் பக்கத்தில் கரும்பாலையில் சிறு வயதில் விரலைக் கொடுத்தவன் வள்ளிக்கண்ணுவின் தம்பி இளவரசன். நிலம் விற்கிற பேச்சில் அக்காவோடு கோபித்துக்கொண்டு மலேசியாவுக்குப் போனவன், போன பிறகு ஒரு போன் கிடையாது, ஒரு சேதி கிடையாது, இருக்கிறானா இல்லையா என்பதே வீட்டில் பேசக் கூடாத பேச்சாகிவிட்டிருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை வள்ளிக்கண்ணு மண்டிக்கு வந்து மூட்டை மேல் உட்கார்ந்தார். வீரமலை துண்டை எடுத்து மனைவியின் கை மேல் போட்டார். சுமை தூக்குகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். அன்று மத்தியானம் வரைக்கும் அந்தத் துண்டுக்குள் விலை பேசப்படவில்லை.

"மெலிஞ்சிருக்கான். ஆனா நகமெல்லாம் ஒழுங்கா வெட்டியிருக்கான்" என்று மட்டும் வீட்டுக்குப் போகும் வழியில் புருஷனிடம் சொன்னார்.

பாசில் நல்லெண்ணத்தில் கிள்ளான் கடைகளுக்கெல்லாம் போன் போட்டு, நுனி விரல் இல்லாத ஆள் யாராவது உண்டா என்று விசாரித்தார். அப்படி யாரும் இல்லை என்று பதில் வந்தது, அந்த வெள்ளிக்கிழமை கையும் வரவில்லை. வள்ளிக்கண்ணு புரிந்துகொண்டார். தம்பி கையைக் கொடுத்திருக்கிறான், இருக்கும் இடத்தைக் கொடுக்க இன்னும் மனசில்லை. இனி யாரும் தேடக் கூடாது என்று பாசிலிடம் சொல்லிவிட்டார். அதற்கடுத்த வாரம் கை வந்தது. அப்படியே இரண்டு வருடம் போனது, ஒரு வெள்ளிக்கிழமை தவறியதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் உலக நகரங்களின் வரிசை வெளியானது. வருடத்தில் பாதி நாள் பனி பெய்யும் ஓர் ஐரோப்பிய ஊரில் அதைத் தயாரிக்கிறார்கள். எந்த ஊர் உலகத்தோடு எவ்வளவு தொழில் தொடர்பு வைத்திருக்கிறது என்று பார்த்து, முதல் படி, இரண்டாம் படி என்று ஊர்களை உட்காரவைப்பார்கள். கடைசிப் படிக்கும் கீழே, ஏற முயற்சி செய்கிற ஊர்களுக்கென்று ஒரு மணைகூடப் போட்டிருக்கிறார்கள். திருச்சி அந்த மணையிலும் இல்லை. நமக்கு மேற்கே இருக்கும் ஓர் ஊர் அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. பேரைச் சொல்லி அவர்கள் பெருமையைக் கூட்டுவானேன். புத்தூரில் மருந்து மொத்த வியாபாரம் செய்யும் சுரேஷ்குமார் எங்கள் வர்த்தகர் மன்றத் தலைவர். அவர் பேப்பரில் இதைப் படித்துவிட்டு இட்லியைத் தொடாமல் எழுந்துவிட்டார். இந்தியப் பகுதியைத் தயாரித்தது ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதிப் பெண் ஹம்ஸா என்று தெரிந்தபோது மத்தியானச் சாப்பாடும் இறங்கவில்லை. ஹம்ஸாவின் அப்பா வீரராகவன் ரயில்வே கணக்குப் பிரிவில் ஓய்வு பெற்றவர். உலகத்து ஊர்களுக்கெல்லாம் மார்க் போடுகிறவள் என் பெண் என்று வீதி முழுக்கச் சொல்லி வைத்திருந்தவர், இப்போது கோயிலுக்குப் போகும்போதுகூடக் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு போனார். மார்கழியில் ஏகாதசிக்கு லீவில் வருவதாக இருந்தாள் ஹம்ஸா. வந்து யார் முன்னாடி வேண்டுமானாலும் விளக்கம் சொல்கிறேன் என்று போனில் சொன்னாள்.

பாலக்கரை மன்ற ஹாலில் நாற்காலி போதாமல் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் இரவல் வாங்கினார்கள். ஹம்ஸா பயப்படாமல் நின்று சொன்னாள். பெரிய தணிக்கை நிறுவனங்கள், வக்கீல் நிறுவனங்கள், விளம்பர நிறுவனங்கள், வங்கிகள் இவற்றுக்கு எந்தெந்த ஊரில் கிளை இருக்கிறது என்று பார்ப்பார்கள். ஒரே நிறுவனத்துக்கு இரண்டு ஊரில் கிளை இருந்தால் அந்த இரண்டு ஊருக்கும் நடுவே பேச்சு நடக்கும், கிளை பெரிதாக இருந்தால் பேச்சும் பெரிதாக இருக்கும் என்று வைத்துக்கொள்வார்கள். ஒரு தொடர்பின் இரண்டு முனைகளில், கதவு எண்ணோடு விலாசம் இருக்கும் முனைக்கு மட்டும்தான் மார்க். சுரேஷ்குமார் உடனே உறையூர்த் துணியை ரோமாபுரிக்கு அனுப்பியதை எடுத்தார். எங்கள் ஊரில் எந்தக் கூட்டமானாலும் அந்தத் துணி வெளியே வந்துவிடும். அது ரெண்டாயிரம் வருஷத்துக் கணக்கு, நாங்க போன வருஷத்தைத்தான் பார்க்கறோம் என்று ஹம்ஸா சொல்லிவிட்டாள். பாசில் எழுந்தார்.

"பேச்சு நடக்கும்னு நீங்களா வச்சுக்கறீங்க. நடக்குதான்னு கேட்டுப் பார்த்தீங்களாம்மா?"

"கேக்க முடியாதுங்க. எந்த நிறுவனமும் சொல்லாது. கண்ணுக்குத் தெரியறதைத்தான் எண்ண முடியும்."

"எங்க தெருவுல வீட்டுக்கு ஒரு ஆள் ஷார்ஜாவுல இருக்கான். அவன் சொல்லித்தான் இங்கேருந்து சரக்கு போகுது. அதை எதுல எழுதுவீங்க?"

"அது குடும்பங்க. நிறுவனம் இல்லை."

"எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க" என்று பாசில் உட்கார்ந்தபோது நல்ல கைதட்டல். முன்வரிசையில் இருந்த வீரராகவனால் அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

"ஏன்டி, இலங்கையைப் பார்த்துண்டு பெருமாள் சயனிச்சிண்டிருக்கற ஊர் இது. விபீஷணனுக்குக் குடுத்த வாக்குக்காக முகத்தைத் தெற்கே திருப்பிண்டிருக்கார். இதைவிட என்ன வெளிநாட்டுத் தொடர்பு வேணும் உனக்கு? கிளைதானே கேக்கறே? பெருமாளுக்கு நூத்தெட்டு திவ்யதேசம். நேபாளத்துல ஒண்ணு இருக்கு. தலைமை இங்கே."

ஹால் அதிர்ந்தது. ஹம்ஸாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அதுல ரெண்டுக்கு விலாசம் கிடையாதே அப்பா. திருப்பாற்கடலுக்கும் பரமபதத்துக்கும் நான் எந்தக் கதவு எண்ணைப் போடறது?" என்றாள். பெண் சமத்து என்ற சந்தோஷம் வீரராகவன் முகத்தில் தெரிந்தது. அப்போதுதான் பின்வரிசையிலிருந்து யாரோ வீரமலையின் துண்டைப் பற்றிச் சொன்னார்கள். ஹம்ஸா சிரிக்கவில்லை, உள்ளூர்ப் பெண்தானே. நேரில் பார்த்தால் எழுதுகிறேன், பார்க்காமல் எழுத மாட்டேன் என்றாள். புதன்கிழமை மண்டிக்கு வருவதாக முடிவாயிற்று.

சுரேஷ்குமார் கெட்டவர் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒன்றின் மேல் மரியாதை வந்துவிட்டால் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தது இரண்டே காரியம்தான்: பொன்னாடை போர்த்துவோம், இல்லாவிட்டால் சட்டம் போட்டு மாட்டுவோம். அவர் இரண்டையும் செய்தார். உலகத்தின் கண்ணுக்கு முன்னால் ஊர் மானத்தைக் காப்பாற்றப் போகிற துண்டு அழுக்காகத் தோளில் கிடக்கலாமா? செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மன்ற ஹாலில் விழா வைத்து, வீரமலையின் தோளிலிருந்து துண்டை எடுத்துத் தேக்குச் சட்டத்தில் கண்ணாடி போட்டு, மன்றத்தை ஆரம்பித்த பெரியவர்களின் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டி, சந்தனப் பொட்டு வைத்து, ரோஜா மாலை சாத்தி, சீரியல் பல்பு போட்டார்கள். வீரமலைக்கு ஜரிகை பளபளக்கும் பொன்னாடை. வள்ளிக்கண்ணு அன்று சமயபுரம் போயிருந்தார். வீரமலைக்குக் கூச்சமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது, பெருமைதான் கொஞ்சம் அதிகம். அதனால் பொன்னாடையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டார்.

புதன்கிழமை காலை ஹம்ஸா மண்டிக்கு வந்தபோது வாழைமரம் கட்டியிருந்தார்கள். வீரமலை பொன்னாடைக்குள் கையை விட்டுக் காத்திருந்தார். கொழும்பு வரவில்லை, தேக்கா வரவில்லை, ஷார்ஜா வரவில்லை. ஜரிகை கையில் குத்திக்கொண்டிருந்தது. ஹம்ஸாவும் கையை விட்டுப் பார்த்தாள், வீரமலையின் கைதான் வியர்த்துப் போய் அகப்பட்டது. பொழுது ஏறிக்கொண்டே போனது. லாரிகள் வழி கேட்டு ஹாரன் அடித்தன. இன்னிக்கு வரலை போலங்க என்று கடைசியில் வீரமலை மெதுவாகச் சொன்னார். ஹம்ஸா தான் பார்த்ததை எழுதிக்கொண்டாள். வீரராகவன் மூட்டைகளுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயக் காரம் என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது. வள்ளிக்கண்ணு வழக்கம்போல மூட்டை மேல் உட்கார்ந்து பொன்னாடைக்குள் கையை வைத்துக்கொண்டார். மத்தியானம் வரைக்கும் வெறும் காற்று. எழுந்து மார்க்கெட்டிலிருந்து பாலக்கரைக்கு நடந்தே போனார். ஹாலில் சுரேஷ்குமாரும் நாலைந்து பேரும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வள்ளிக்கண்ணு சுவரைப் பார்த்தார். ஒரே வரிசையில் காலமான பெரியவர்கள், ஒரே மாதிரி மாலை, ஒரே மாதிரி பல்பு, கடைசியில் துண்டு.

"உசுரோட இருக்கறதுக்கு மாலை போட்டு வச்சிருக்கீங்களேங்க" என்றார்.

"மரியாதைக்குத்தாங்கக்கா" என்றார் சுரேஷ்குமார்.

"என் தம்பி இருக்கான்னு எனக்குத் தெரியறது அது ஒண்ணுலதாங்க. அதுக்குப் பொட்டு வச்சு லைட்டு போட்டுட்டீங்க."

சுரேஷ்குமாருக்கு அப்போதுதான் உறைத்தது. மற்றவர்களும் அந்த வரிசையை முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அவரே ஸ்டூலில் ஏறி மாலையைக் கழற்றினார், ஆணி வராமல் கையைக் கிழித்துக்கொண்டார், கண்ணாடியை எடுத்துவிட்டுத் துண்டை இரண்டு கையாலும் வள்ளிக்கண்ணுவிடம் கொடுத்தார். மன்னிச்சுக்கங்கக்கா என்று அவர் சொன்னதைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். எங்கள் மன்றத் தலைவர்களில் அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

துண்டு திரும்பத் தோளுக்கு வந்தும் கை வரவில்லை. சந்தன வாசனை போகவில்லை. வீரமலை அதைத் தலையில் சுற்றிக்கொண்டு மூட்டை ஏற்றினார், முகம் துடைத்தார், ஈ விரட்டினார், டீ கிளாஸைத் துடைத்தார், மத்தியானம் தலைக்கு வைத்துப் படுத்தார். வள்ளிக்கண்ணு இப்போது தினமும் வந்து உட்கார்ந்தார். கொண்டுவந்த சாப்பாட்டுத் தூக்கு திறக்கப்படவில்லை. மண்டியில் எல்லோரும் சத்தமாக விலை சொல்லக்கூடத் தயங்கினார்கள். ஒரு பெண்பிள்ளையின் தம்பியை ஊரே சேர்ந்து தொலைத்துவிட்டோம் என்ற நினைப்பு எல்லோருக்கும் இருந்தது, வரிசையாவது மணையாவது என்று சுரேஷ்குமாரே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹம்ஸாவுக்கு விமானம். காலையில் மண்டிக்கு வந்தாள், அங்கே கொண்டுபோகச் சின்ன வெங்காயம் வேண்டும் என்று சாக்குச் சொன்னாள். வள்ளிக்கண்ணுவின் பக்கத்தில் மூட்டை மேல் உட்கார்ந்தாள். துண்டில் சந்தனம் போய் வியர்வையும் மண்ணும் வந்திருந்தது. ஹம்ஸா எழுந்துகொள்ளலாம் என்று நினைத்த நேரத்தில் வள்ளிக்கண்ணுவின் தோள் ஒருமுறை குலுங்கியது. பிறகு அவர் ஹம்ஸாவின் கையை இழுத்துத் துண்டுக்குள் விட்டார். காய்த்துப் போன உள்ளங்கை, நுனி இல்லாத விரல். அந்தக் கை புதுக் கையைக் கண்டு கொஞ்சம் தயங்கி, பிறகு விலகாமல் இருந்தது. ஹம்ஸா அழுதாள். சொல்வதற்கு அவளிடம் இருந்தது ஒன்றுதான்.

"விலாசம் இல்லாம எழுத முடியாதுக்கா."

"எனக்கும் தெரியாதும்மா. கேட்டா கையை எடுத்துக்குவான். கேக்காதே."

ஹம்ஸா கேட்கவில்லை.

அங்கே போய் அவள் மார்க் போடும் விதியை மாற்றுவாள் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். மாற்றவில்லை. கணக்குப் பிரிவுக்காரர் பெண் விதிப்படிதான் செய்வாள். மாசி மாதம் ஒருநாள் அலுவலகத்தில் குளிர் தாங்காமல் கம்பளித் துண்டை மேஜை மேல் போட்டு அதற்குள் கையை வைத்திருந்தபோது, வெங்காய மணத்தோடு வீரமலையின் கை வந்து என்ன விலை என்று கேட்டது. ஹம்ஸாவுக்கு விரல் கணக்குத் தெரியாது, ஆனால் அந்தக் கையைத் தெரியும். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் வீரராகவன் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து மார்க்கெட்டுக்கு வந்து, வள்ளிக்கண்ணு எழுந்த பிறகு மூட்டை மேல் உட்கார்ந்து பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்கிறார். அவளுக்கு ஜுரம் இருந்தால் அவருக்குத்தான் முதலில் தெரிகிறது.

அந்த வருட வரிசையிலும் திருச்சி இல்லை. வீரமலைக்குக் கடை கிடையாது, தோளுக்குக் கதவு எண் கிடையாது. ஆனால் மறு முனைகளுக்கு விலாசம் இருந்தது. புறக்கோட்டைக் கடைக்கு இருந்தது, தேக்காவுக்கும் ஷார்ஜாவுக்கும் இருந்தது, ஹம்ஸாவின் மேஜைக்கும் மாடி எண்ணோடு இருந்தது. விதிப்படி அந்த முனைகளுக்கு மார்க் போட்டாள். கொழும்பு நகர்ந்தது, ஷார்ஜா நகர்ந்தது, பனி பெய்யும் அந்த ஊர் முழுசாக ஒரு படி ஏறி உட்கார்ந்தது. காரணம் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது: திருச்சிராப்பள்ளியோடு உள்ள தொடர்பினால். நமக்கு மேற்கே இருக்கும் அந்த ஊருக்கு எங்களோடு கை பழக்கம் இல்லை, அது மணையிலேயே இருக்கிறது. சுரேஷ்குமார் அந்தப் பொடி எழுத்தைப் பெரிதாக அச்சடித்து ஹால் வாசலில் பசை தடவி ஒட்டினார். சட்டம் போடவில்லை. தேக்குச் சட்டத்தில் இப்போது பொன்னாடை இருக்கிறது, அதற்கு மாலை போடுவதில் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை.

இளவரசனின் விலாசம் இன்றுவரை யாருக்கும் தெரியாது. போன ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, நுனி விரல் இல்லாத கையோடு துண்டுக்குள் இன்னொரு கை வந்தது. எலுமிச்சம்பழத்தைவிடச் சின்னது, பால் வாசனை. வள்ளிக்கண்ணு ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தார். எல்லா விரலுக்கும் நுனி இருந்தது. அது அவருடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வீரமலை லாரிக்காரரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார், லாரிக்காரரும் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி டீ குடிக்கப் போனார். அன்று சின்ன வெங்காயம் முந்தின நாள் விலைக்கே போனது.